மடி உதறிய சங்கம்

புதுவயல் சைக்கிள் சங்கத்துக்கு ஆரம்பத்தில் நான்கு விதிகள்தான் இருந்தன. செயலாளர் மலையாண்டி அவற்றை ரைஸ் மில்லின் சாக்குக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். குடித்துவிட்டு வரக் கூடாது. அடுத்தவன் சைக்கிளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எல்கையைத் தொடாமல் திரும்பக் கூடாது. ஐந்தாவதை அவன் அறுபத்தைந்தாம் வருடம் கார்த்திகை மாதம் சேர்த்தான். ஓடப் போகும்போதும் ஓடி வந்த பிறகும் எல்லாரும் மடியை உதறிக் காட்ட வேண்டும்.

மலையாண்டி பதினாலு வயதில் அதே மில்லுக்கு மூட்டை தூக்க வந்தவன். இப்போது முப்பத்தாறு. முட்டி இரண்டும் போய்விட்டன. படியேறினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி சத்தம் வரும். அவனால் சைக்கிளை வேகமாக மிதிக்க முடியாது. ஆனாலும் சங்கம் அவனுடைய யோசனைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தான். வாயில் நுரை தள்ள ஓடியது மாடு. மாலை விழுந்தது மாட்டுக்காரன் கழுத்தில். அந்த மாட்டுக்காரன் அன்று முழுக்க வெற்றிலை போட்டதைத் தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. சைக்கிள் என்றால் ஓடுகிறவனும் அவனே, மாலைக்குக் கழுத்தும் அவனுடையதே என்று மலையாண்டிக்குத் தோன்றியது. அது மனதுக்குள் உட்கார்ந்துகொண்டது.

பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் மில்காரர்கள். சுற்றுப்பட்டிகளிலிருந்து வேலைக்கு வர வாங்கிய பழைய சைக்கிள்கள்தான் எல்லாம். சனிக்கிழமை சாயங்காலம் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை மறுபடி மாட்டுவார்கள். சாக்கில் மில் பெயர் அடிக்கும் தகரத்தைப் போல ஒன்று வெட்டி, அதே கறுப்பு மையால் பனியன்களில் பு.சை.ச. என்று அடித்துக்கொண்டார்கள். எட்டு மைல் தள்ளி ஜில்லா எல்லை. அங்கே ஒரு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. அதுதான் எல்கை, தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய இடம். டீக்கடைக்காரர் வண்டிப் பந்தயப் பைத்தியம். வந்து தொடுகிறவனுக்கெல்லாம், வண்டிப் பந்தயத்தில் கொடுப்பது போல, ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கையில் கொடுப்பார். அதைக் கொண்டுவந்து மலையாண்டியிடம் காட்ட வேண்டும். மலையாண்டி மில் வாசலில் டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பத்தாவது ஆள் ஆண்டியப்பன். தச்சு வேலைக்காரன், இருபத்தெட்டு வயது. ஒல்லி. சைக்கிளில் ஏறிவிட்டால் அவன் முழங்கால் மேலும் கீழும் போவதுதான் தெரியும், மற்றபடி உடம்பு அசையாது. அவனைப் பார்த்த பிறகுதான் மலையாண்டிக்கு இது வெறும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இல்லை என்று பட்டது.

அந்த நேரத்தில்தான் காரைக்குடியிலிருந்து அழைப்பு வந்தது. ஜனவரி இருபத்தாறாம் தேதி இருபது மைல் பந்தயம். சுற்றுவட்டாரச் சங்கங்கள் ஆள் அனுப்பலாம். புதுவயலுக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: ஆட்களின் பட்டியலில் தாலுகா சப்ளை அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டும்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லா அரிசி பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ரேஷனில் கோதுமைதான் அதிகம் போட்டார்கள். சைக்கிளில் அரிசி கடத்துகிறவர்கள் பெருகிப் போனார்கள். புதுவயல் என்றால் மில், மில் என்றால் அரிசி. புதுவயல்காரன் சைக்கிளில் எல்லைப் பக்கம் போனால் எதற்கென்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சப்ளை அதிகாரி ஒரு நாள் ஜீப்பை மில் வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. மலையாண்டியைக் கூப்பிட்டார்.

"நீதான் செயலாளரா?"

"ஆமாங்க சார்."

"எட்டு மைலு வெறுங்கையோட போயி, வெறுங்கையோட திரும்பி வர்றதுக்கு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால எவனாவது எந்திரிப்பானாய்யா?"

"நாங்க எந்திரிக்கிறோம் சார்."

"அதான் சந்தேகமா இருக்கு."

டிரைவர் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. "தை அஞ்சாம் தேதிக்குள்ள பட்டியலக் கொண்டா. அதுக்கு முன்னாடி ஒருத்தன் இடுப்புல ஒரு மணி அரிசி அகப்பட்டாலும் சங்கம் கிடையாது, பந்தயம் கிடையாது. பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் நீதான் ஜவாப்தாரி. உள்ள போறப்ப மொத ஆளா நீதான் போவ."

ஜீப் போன பிறகு மலையாண்டி நேரே சாக்குக் கொட்டகைக்குப் போய் ஐந்தாவது விதியை எழுதினான். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் சாயங்காலம் மில் கேட்டில் வாட்ச்மேன் முத்தப்பன் முன்னால் நின்று துண்டை உதறி, மடியை அவிழ்த்துக் காட்டி, கையைத் தூக்கித் திரும்பி நின்றுதான் வெளியே வருகிறான். பெண்கள் கொண்டையை அவிழ்த்துக் காட்டுவார்கள். களவு போகாமலிருக்க அதுதான் வழி. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி.

மறு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் கேலி பேசிக்கொண்டே வரிசையில் நின்று உதறினார்கள். பழகிய கைகள், சொல்வதற்கு முன்பே தூக்கிக்கொண்டன.

"மச்சான், நல்லாப் பாத்துக்கங்க. உள்ள ஒண்ணும் ஒளிச்சு வைக்கல, ஆண்டவன் குடுத்ததுதான்" என்றான் மாயக்கண்ணன். மலையாண்டியின் மனைவி அன்னக்கிளிக்குத் தம்பி. கொதிகலனுக்கு உமி தள்ளுகிற வேலை.

"குடுத்ததும் கொஞ்சந்தேன் போல" என்றான் பக்கத்தில் நின்றவன்.

மலையாண்டி சிரிக்காமல் வேலையைப் பார்த்தான். செருப்புக்கு இடையில் பார்த்தான். சீட்டுக்கு அடியில் கையை விட்டான். பம்ப்பைக் கழற்றி ஊதினான். அரிசியை எங்கெல்லாம் வைக்கலாம் என்று அவனுக்குத் தெரியாத இடமில்லை. சின்ன வயதில் அவன் தாய் பிச்சையம்மாள் கொண்டைக்குள் இரண்டு கை அரிசி வைத்துக் கொண்டுவந்து வளர்த்த உடம்பு அது.

ஆண்டியப்பன் முறை வந்தது. அவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"உதறு ஆசாரி."

"மாட்டேண்ணே."

"எல்லாரும் காட்டுறாக."

"அவுக மில்லுல வேல பாக்குறாக. நான் பாக்கல." குரலை உயர்த்தாமலே சொன்னான். "செட்டியார் வீட்டுல நகை நட்டு வைக்கிற பெட்டகச் சாலைக்குக் கதவு போட்டிருக்கேன். சாவிய என் கையில குடுத்துட்டு ஆச்சி கோயிலுக்குப் போயிட்டு வருவாக. என்னைய ஒருத்தரும் மடிய உதறச் சொன்னதில்ல."

"விதிய எல்லாருக்கும் சேத்துத்தேன் எழுதியிருக்கேன்."

"சுவத்துல எழுதுனது நீங்கதான. அழிக்கவும் உங்களால முடியும்."

அவனை விட்டால் இருபத்தாறாம் தேதிக்கு ஆள் கிடையாது. மலையாண்டி அன்றைக்கு விட்டுவிட்டான். ஆனால் மனதில் முள் ஏறிவிட்டது. ஒன்றும் இல்லாதவன் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே. இருபத்திரண்டு வருடத்தில் மில் கேட்டில் காட்ட மாட்டேன் என்று நின்றவர்கள் மூன்று பேர். மூன்று பேரிடமும் அரிசி இருந்தது.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே இருந்தது. ஆறு மணிக்குப் பத்துப் பேரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். ஒன்பது பேர் ஏழே முக்கால், எட்டுக்கு ஒன்றாகத் திரும்பி வருகிறார்கள். ஆண்டியப்பன் மட்டும் ஏழு இருபதுக்கெல்லாம் வந்துவிடுகிறான். துணித் துண்டைக் கொடுத்துவிட்டு, ஒரு டீ கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறான். அப்படி என்ன அவசரம்? வேகமாக ஓட்டுகிறவன் முதலில் வருவான் என்பது பந்தயச் சங்கத்தின் செயலாளருக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் வருவதற்குள் வீட்டில் எதையோ இறக்கி வைக்கிறான் என்றுதான் தோன்றியது.

மாயக்கண்ணன் வேறு எண்ணெய் ஊற்றினான்.

"மச்சான், ஆசாரி பெரிய சட்டயா போட்டுட்டு வாரான் பாத்தீகளா? பனியன் குடுத்தமே, அதை உள்ள போட்டு மேல சட்ட போடுறான். எதுக்கு?"

"குளிருதுன்னு சொன்னான்."

"நமக்குக் குளிரல? அவன் தெருப் பக்கம் போங்க, ஞாயித்துக்கெழம பொங்குற வாசமே தனி."

"நெசமாவா?"

"நான் எதுக்கு மச்சான் பொய் சொல்லப் போறேன்."

மார்கழி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பட்டியல் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மலையாண்டி இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு ஒரு முடிவோடு வந்திருந்தான். தனக்கு முட்டி வலி, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அன்று இரண்டு பேரை ஓடவிடாமல் தன்னோடு நிறுத்திக்கொண்டான். ஏழு இருபதுக்கு ஆண்டியப்பன் வந்து இறங்கினான். துணித் துண்டை நீட்டினான். மலையாண்டி வாங்கிக்கொண்டு கண்ணைக் காட்டினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள்.

ஆண்டியப்பன் திமிரவில்லை. முதலில் விளையாட்டு என்று நினைத்தவன் போல அரைச் சிரிப்போடு பார்த்தான். மலையாண்டி அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. களத்தில் அவித்த நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டையை உருவிக் கீழே போட்டான். உள்ளே பனியன். பனியனுக்குள் ஆள். இடுப்பைச் சுற்றித் தடவினான். மடியை அவிழ்த்தான். கை பிடிபட்டிருந்ததால் நழுவிய வேட்டியை ஆண்டியப்பனால் பிடிக்க முடியவில்லை. அரைஞாணும் கோவணமும் வேர்வையும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

பிடித்தவர்கள் கையை விட்டார்கள். ஆண்டியப்பன் குனிந்து வேட்டியை எடுத்துக் கட்டினான். சட்டையை எடுக்கவில்லை. பு.சை.ச. பனியனைக் கழற்றிச் சைக்கிள் ஹேண்டிலைத் துடைத்துவிட்டு, வாசலில் போட்டுவிட்டு ஏறிப் போனான்.

மலையாண்டி கையில் டைம்பீஸை வைத்துக்கொண்டு நின்றான். அரைமணி கழித்து மற்ற ஏழு பேரும் வந்தார்கள். நடந்ததை நின்றிருந்தவர்கள் சொன்னார்கள்.

"ஆசாரிகிட்ட ஒண்ணும் இல்லையாம்ல" என்றான் மாயக்கண்ணன். "அப்ப அவன் ராசா மாதிரி போகட்டும்."

மலையாண்டி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தான். மூட்டையைத் தூக்குவதற்கு முன்பே அதில் கல் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறவன் அவன். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஆண்டியப்பனிடம் அரிசி இருக்கிறது என்று ஒரு மாதமாகக் குசுகுசுத்தவர்கள், இல்லை என்று கேட்டதும் திகைக்க வேண்டாமா? ஒருவனாவது "அது எப்படி" என்று கேட்க வேண்டாமா? வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சொல்லாமலே வரிசையில் நின்று மடியை உதறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, தேவகோட்டையில் ஒரு துக்கத்துக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை மாயக்கண்ணனே டைம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னான். விடிவதற்கு முன்னால் கிளம்பி, சைக்கிள்கள் எல்கையிலிருந்து திரும்பி வருகிற வழியில் ஊருக்கு இரண்டு மைல் முன்னால் இருந்த கண்மாய்க்குப் போனான். பாலத்துக்குப் பக்கத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கரைச் சரிவில் குந்தினான். கண்மாய்க் கரையில் காலையில் குந்தியிருக்கிறவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதைவிட நல்ல மறைவு அந்தச் சீமையில் இல்லை.

ஏழு மணிக்கு முதலில் வந்தது ஆண்டியப்பன். சங்கம் இல்லை என்றால் ரோடும் இல்லையா என்ன. அவன் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். மார்கழிப் பனியில் மேலுக்கு ஒன்றும் போடவில்லை. விலா எலும்பெல்லாம் தெரிய, திறந்த உடம்போடு, பார்க்கிறவன் பார்த்துக்கொள் என்கிற மாதிரி போனான். பாலத்தைத் தாண்டும்போது ஒரு கணம் சரிவுப் பக்கம் தலை திரும்பியது. பிறகு போய்விட்டான்.

கால்மணி நேரத்தில் ஒன்பது பேரும் வந்தார்கள். டைம் பார்க்க வேண்டிய மாயக்கண்ணனும் மில் வாசலில் உட்காராமல் அவர்களோடு வந்திருந்தான். பாலத்தடியில் சைக்கிளைச் சாய்த்தார்கள். பனியனைத் தூக்கி இடுப்பிலிருந்து பழைய சைக்கிள் டியூபுகளை அவிழ்த்தார்கள். இரண்டு முனையும் கட்டிய டியூபு, ஒவ்வொன்றும் மலைப்பாம்பு மாதிரி வீங்கியிருந்தது. ஆளுக்கு இரண்டு படியாவது இருக்கும். சங்கத்துப் பனியனைப் பார்த்தாலே செக்போஸ்டில் கட்டையைத் தூக்கிவிடுவார்கள் என்பது மலையாண்டிக்கு ஞாபகம் வந்தது. அதை அவனே பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறான்.

"செயலாளர் துக்கத்துக்குப் போயிட்டாரு. இன்னிக்கு உதற வேணாம்டா" என்றான் ஒருவன்.

"உதறாட்டி ஒடம்பு ஒரு மாதிரி இருக்கேடா" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாணி பொறுக்குகிற கூடைகளோடு மூன்று பெண்கள் ஏறி வந்தார்கள். டியூபுகளைக் கூடைக்குள் சுருட்டி வைத்து, மேலே சாணியைப் பரப்பினார்கள். மூன்றாவது கூடை அவன் வீட்டுக் கூடை. தூக்கியவள் அன்னக்கிளி.

மத்தியானம் அவள் அவனுக்குத் தட்டு வைத்தாள். புழுங்கல் அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. மலையாண்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேவகோட்டையில யாரு செத்தா?" என்றாள் அன்னக்கிளி.

"நாந்தேன்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "பாத்துட்டீகளா."

"எம்புட்டு நாளா?"

"நீங்க சங்கம் ஆரம்பிச்ச நாளா."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க ஒரு வார்த்த கேக்கலயே. ரேசன்ல கோதும போடுறான். வாரம் ஆறு நாளு கோதுமயக் கிண்டிப் போடுறேன். ஞாயித்துக்கெழம மட்டும் சோறு எங்குட்டிருந்து வருதுன்னு ஒருநா கேட்டீகளா? கொழம்புக்கு உப்புக் கொறச்சல்னு மட்டும் கேட்டீக."

ஆசாரி தெருவில் அரிசி பொங்கும் வாசம் வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டு இரண்டு முறை போய் வந்தவன் அவன். தன் வீட்டு அடுப்பு வாசம் அவனுக்கு வாசமாகவே படவில்லை.

"நாள் பூரா அரிசிக்குள்ள நிக்கிறீக. முதுகுல சொமக்குறீக" என்றாள் அவள். "வீட்ல ரெண்டு புள்ளைக தட்டத் தட்டுதுக. உங்க சங்கத்தால இந்த வீட்டுக்கு வந்தது இந்தச் சோறு ஒண்ணுதேன்."

அவனுக்குப் பசித்தது. தின்றான்.

சாயங்காலம் மாயக்கண்ணன் வந்து வாசலில் நின்றான். அக்காள் சொல்லிவிட்டிருப்பாள். முகத்தில் பயம் இல்லை. கொஞ்சம் கோபம்தான் இருந்தது.

"இருபத்தாறு வரைக்கும் நிறுத்துங்கடா" என்றான் மலையாண்டி. "பந்தயம் முடியட்டும். மூணு நாலு வாரந்தேன். வெறுங்கையோட போயிட்டு வெறுங்கையோட வாங்க."

"வெறுங்கையோடயா?" மாயக்கண்ணன் உண்மையாகவே புரியாதவன் போலக் கேட்டான். "அப்பறம் எதுக்கு மச்சான் பதினாறு மைலு மிதிக்கணும்?"

மலையாண்டி அவனைப் பார்த்தான். இந்தக் கேள்வியை ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர் கேட்டபோது அவனுக்கு ரோஷம் வந்தது. இப்போது வரவில்லை.

"ஆசாரி பக்கம் ஏன்டா கையக் காட்டி விட்டீக?"

"நீங்க யாரையாச்சும் புடிக்காம விடப் போறதில்ல. அவன் எங்க கூட நிக்க மாட்டான், டியூபு கட்ட மாட்டான், வாயும் திறக்க மாட்டான். எந்நேரம் என்ன செய்வான்னு எங்களுக்கும் பயமா இருந்துச்சு." காலால் தரையைக் கீறினான். "பட்டியல்ல எங்க பேர எழுதிப்புடுங்க மச்சான். சங்கம் இருந்தாத்தேன் பனியன். பனியன் இருந்தாத்தேன் கட்டையத் தூக்குவான். நீங்க எழுதலன்னா ஒம்பது வீட்லயும் ஒல கொதிக்காது. உங்க வீட்டச் சேத்துப் பத்து."

தை நான்காம் தேதி மலையாண்டி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனான். பட்டியலை நீட்டினான். அதிகாரி வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார்.

"ஒரே பேரா? பத்துப் பேருன்னு சொன்ன?"

"மத்தவகளுக்கு வேல இருக்கு சார்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லாத வேலை இருபத்தாறாம் தேதி எங்கேருந்து வந்துச்சு?"

"மில்லு வேல சார். லோடு வருது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனை நிதானமாகப் பார்த்தார். மலையாண்டி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். ஒன்பது பெயரில் ஒரு பெயர் வாயில் வந்துவிட்டால் ஒன்பது வீட்டிலும் ஆள் ஜெயிலுக்குப் போய்விடும். அந்தப் பெயர்களை எழுதிக் கையெழுத்துப் போடவும் முடியாது. அதனால்தான் ஒரு பெயர்.

"இவன் மேல மட்டும் என்னய்யா உனக்கு அவ்வளவு நம்பிக்கை?"

"துணிய அவுத்துப் பாத்துட்டேன் சார்."

அதிகாரி அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "இதுக்குப் பேரு சங்கமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

ஆண்டியப்பன் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை. அவன் ஒரு நிலைக்காலை இழைத்துக்கொண்டிருந்தான். மலையாண்டி வந்து நின்றதைப் பார்த்தும் இழைப்புளியை நிறுத்தவில்லை.

"என்ன, மறுபடியும் தடவிப் பாக்க வந்தீகளா?"

மலையாண்டி காகிதத்தை நீட்டினான். அது நீட்டியபடியே இருந்தது. நிலைக்காலின் ஒரு பக்கம் முழுக்க இழைத்து முடித்து, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஆண்டியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். படித்தான். மறுபடி படித்தான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி முத்திரையைப் பார்த்தான். மலையாண்டியின் முகத்தைப் பார்த்தான்.

"இதுல என்ன வச்சிருக்கீக?"

"ஒண்ணும் வைக்கல."

"என் பேர மட்டும் போட்டு, காரைக்குடிக்கு வரவச்சு, அங்க நாலு ஊரு முன்னாடி அவுத்துப் பாக்கவா?"

"இல்ல ஆசாரி."

"மத்த ஒம்பது பேரு எங்க?"

"எழுதல."

"பாத்துட்டீகளா." அவன் தலையாட்டினான். "கண்மாய்க்கரையில அன்னிக்குக் குந்தியிருந்தது நீங்கதேன். முட்டிய நீட்டிக்கிட்டுக் குந்துறவுக இந்த ஊருல நீங்க ஒருத்தருதான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீகளா? மடிய உதற மாட்டேன்னவன் சொல்றத?"

கொட்டகைக்குள் தேக்குச் சீவல் வாசம் அடித்தது. ஆண்டியப்பன் மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"நம்பிக்கையான ஆளு பேரத்தான எழுதணும். உங்க பேரு எங்க?"

"எனக்குத்தேன் முட்டி போச்சே."

"ஓட்டுறதுக்கு இல்ல. சங்கத்து ஆளுன்னு எழுதலாம்ல. எழுதலயே."

மலையாண்டி கீழே கிடந்த சீவலைக் காலால் ஒதுக்கினான்.

"நானும் தின்னுட்டேன் ஆசாரி" என்றான். "பாத்த அன்னிக்கும் தின்னேன்."

ஆண்டியப்பன் காகிதத்தை மடித்து ஆணிப்பெட்டியில் வைத்தான்.

"எத்தன மணிக்கு ஆரம்பம்?"

"ஏழுக்கு. காரைக்குடியில கல்லுக்கட்டி பக்கத்துல ஆறரைக்கெல்லாம் நிக்கணும்."

"ஓட்டுறேன். நீங்க வரப்படாது."

இரண்டு வருடமாக அந்தக் காலையைத்தான் மலையாண்டி மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் கழுத்தில் மாலை விழுகிறது என்பதைக் கூட்டத்தோடு நின்று பார்க்க வேண்டும் என்று.

"செயலாளர் வரணும்னு சொல்லியிருக்காக" என்றான். பையிலிருந்து காரைக்குடிக்காரர்கள் அனுப்பிய அச்சடித்த தாளை எடுத்தான். ஓட்டுகிறவன் பெயர், சைக்கிள் அடையாளம், புகார் ஏதும் இருந்தால் அதன் விவரம் என்று இடம் இடமாகப் புள்ளி வைத்திருந்தது. அடியில் செயலாளர் கையொப்பம். "ஓடி முடிச்சப்பறம் இத நெரப்பி, நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"இப்பயே போட்டுக் குடுங்க. நான் நெரப்பிக்கிறேன்."

"வெறுந்தாள்லயா?"

"வெறுந்தாள்லதேன்."

மலையாண்டி தாளைப் பார்த்தான். மேலே அத்தனை இடம் காலியாக இருந்தது. புகார் விவரம் என்ற இடம் மட்டும் நாலு வரி. அதில் ஒன்பது பெயரையும் எழுதலாம். பத்தாவதாக அவன் பெயரையும் எழுதலாம். களத்துப் பெண்கள் முன்னால் நடந்ததை எழுதலாம். என்ன எழுதினாலும் அடியில் அவன் கையெழுத்துத்தான் இருக்கும். எதையும் பார்க்காமல் விட்டவன் இல்லை அவன். பம்ப்பைக்கூட ஊதிப் பார்த்தவன்.

ஆண்டியப்பன் காதிலிருந்த பென்சிலை எடுத்தான். பிறகு அது வேண்டாம் என்று நினைத்தவன் போலத் திரும்பக் காதில் செருகிவிட்டு, உள்ளே போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்தான். அப்போதுதான் இழைத்த நிலைக்காலின் மேல் தாளை விரித்தான்.

மலையாண்டி குனிந்து, முட்டி கரகரக்க ஒரு காலை மடக்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினான்.